ரசிகர் கடைசி வரை உட்கார்ந்து கேட்க: சபா நடத்துவோருக்கான கையேடு

மார்கழியில் சென்னை ரசிகர் ஒரே நாளில் இரண்டு மூன்று சபா ஏறி இறங்குவார். யாருடைய கச்சேரிக்குப் போவது என்பதைப் பாடகரின் பெயர் முடிவுசெய்கிறது. அதே சபாவுக்கு அடுத்த வருஷமும் வருவாரா என்பதை முடிவுசெய்வது வேறு: சாகித்யம் (பாடலின் சொற்கள்) காதில் விழுந்ததா, முன்னால் கேமரா மறைத்ததா, கழிவறைக்கு எவ்வளவு நேரம் நின்றார், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார். இவை எல்லாம் கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம் தொடங்கும் முன்பே காரியதரிசியின் மேஜையில் தீர்மானமாகிவிடும் விஷயங்கள். பாதிக்குக் காசே செலவாகாது.

ஒலி

செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் என்றால் அது இங்கேதான். நிறைய சபாக்களில் ஒலி மோசமாக இருப்பதற்குக் காரணம் கருவி மட்டமானது என்பதல்ல, சத்தம் அதிகம் என்பதுதான். அது எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பாடகருக்குத் தன் குரல் போதவில்லை. விரலை மேலே காட்டுகிறார். ஒலிக்காரர் மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கரை, ஏற்றுகிறார். அந்தக் குரல் வயலின் மைக்கிலும் நுழைகிறது. இப்போது வயலின்காரருக்குத் தன் வில் கேட்கவில்லை. அவரும் விரலைத் தூக்குகிறார். அடுத்தது மிருதங்கம். அரை மணியில் மேடைச் சத்தம் கூடத்தை மிஞ்சிவிடும், மைக் கூவத் தொடங்கும், மூன்றாம் வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

மருந்து எளிது. யாராவது கூட்டச் சொன்னால், அவருடைய மானிட்டரில் மற்றவர்களைக் குறையுங்கள். நான்கு பேருக்கும் ஒரே கலவையை அனுப்பாமல் ஆளுக்கொரு மானிட்டர், ஆளுக்கொரு கலவை கொடுத்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும். கூடத்தின் நடு வரிசையில் சாதாரணப் பாட்டு 75 முதல் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில்கூட 90ஐத் தாண்ட வேண்டாம். கைபேசியில் இருக்கும் அளவுகோல் துல்லியமாக இராது, ஆனாலும் வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

மிக்சரை (எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் கருவி) மேடைக்குப் பக்கத்து அறையிலோ பால்கனிக்கு அடியிலோ வைக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ரசிகர் கேட்பது கேட்காது. மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் வையுங்கள். நான்கு இருக்கை போகும், போகட்டும்.

குரல் மைக் வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில், சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி. முகத்துக்கு நேரே நிறுத்தினால் முகமும் மறையும், ‘ப’ வரும் இடத்தில் காற்றும் அடிக்கும். அடித்தளச் சத்தத்தை வெட்டும் ஃபில்டரை எல்லாருக்கும் ஒரே இடத்தில் வைப்பது பரவலான தவறு. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’ ஸ்வரம், ஏறக்குறைய 104 ஹெர்ட்ஸில் விழும். ஐந்து கட்டைப் பெண் குரலுக்கு 147. முன்னவருக்கு 80இல் வெட்டலாம், பின்னவருக்கு 120 வரை போகலாம். ஆண் குரலுக்கும் 120 வைத்துவிட்டால் மந்திர ஸ்தாயி ஆலாபனை எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வரும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக், ஒவ்வொன்றும் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி. தொப்பிக்கான (அடித்தள நாதம் தரும் பக்கம்) மைக்கை ஒட்டி வைத்தால் அதன் கும்கி நாதம் கூடம் முழுக்க உறுமி, குரலின் மேல் வந்து உட்காரும். 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்தால் சாகித்யம் தெளியும். நூற்றைம்பது இருக்கைக்குள் அடங்கும் சின்ன ஹாலில் மிருதங்கத்தைக் கூடத்து ஸ்பீக்கரில் போடவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பதிவுக்கு மைக் வேண்டுமானால் வையுங்கள், அது பதிவுக்கு மட்டும் போகட்டும்.

உட்காரும் வரிசையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக மிருதங்கம் பாடகருக்கு வலப்புறம். அப்போதுதான் வலந்தலை (வலக்கையால் வாசிக்கும் பக்கம்) சபையைப் பார்க்கும். வயலின் இடப்புறம். இடக்கைக்காரராக இருந்தால் எல்லாம் மாறும். பழனி சுப்ரமணிய பிள்ளை போன்ற மிருதங்க மேதையே இடக்கைக்காரர்தான். இதைத் திரை விலகும்போது கண்டுபிடித்தால் ஐந்து மைக் வயரை ரசிகர் முன்னால் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஒலிச் சோதனைக்குப் பதினைந்து நிமிஷம் போதும், வரிசை சரியாக இருந்தால்:

1. மானிட்டர்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். முதலில் தம்பூரா. சுருதிப் பெட்டி இருந்தால் அதன் ஒலியைத் தம்பூராவின் ஒலியைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டும் சம அளவில் போனால் துளி வித்தியாசமும் அலையடிக்கும்.
2. குரல், கூடத்து ஸ்பீக்கரில் மட்டும். மந்திரத்தில் ஒரு வரி, தார ஸ்தாயியில் ஒரு வரி.
3. குரலோடு வயலின். பின்தொடரும்போது குரலுக்கு ஒரு படி கீழே, தனியாக வாசிக்கும்போது சமமாக. இதை ஒலிக்காரர் கையால் ஏற்றி இறக்க வேண்டும். வைத்துவிட்டுப் போகிற வேலையில்லை.
4. மிருதங்கம், பிறகு கடம், கஞ்சிரா, மோர்சிங். மோர்சிங்குக்கு மட்டும் மைக் வாயை ஒட்டியே இருக்க வேண்டும்.
5. கடைசியில் மானிட்டர்களை ஒவ்வொன்றாக, தேவையான அளவுக்கு.

டிஜிட்டல் மிக்சரானால் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். சீசனில் இரண்டு கச்சேரிக்கு நடுவே அரை மணிதான் கிடைக்கும்.

குளிர், வெளிச்சம், பார்வை

ஏசியைக் கதவு திறக்கும்போது போடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே போட்டு 24, 25 டிகிரியில் நிறுத்துங்கள். கூடம் குளிரக் குளிரத் தோலும் கம்பியும் சுருதி மாறும். ஒவ்வொரு உருப்படிக்குப் பிறகும் மிருதங்கத்தைத் தட்டிச் சேர்ப்பதை ரசிகர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கலைஞர் அறையும் அதே குளிரில் இருப்பது நல்லது. பாடகர் தலைக்கு மேல் நேராகக் காற்று இறங்கும் வழியை அடைத்துவிடுங்கள்.

நாட்டியத்துக்கு அணைப்பதுபோலக் கூடத்து விளக்குகளை முழுக்க அணைக்க வேண்டாம். கச்சேரி ரசிகர் நோட்டில் ராகம் எழுதுகிறவர், பக்கத்துக்காரருக்குத் தெரியத் தாளம் போடுகிறவர். பாடகருக்கும் முகங்கள் தெரிய வேண்டும். பாதி வெளிச்சம் போதும்.

தரையில் அமர்ந்திருப்பவரின் முகம் மேடைத் தளத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அதற்கு முன்னால் பூ அலங்காரம், மானிட்டர், புரவலர் பெயர்ப்பலகை என்று அடுக்கினால் முதல் நான்கு வரிசைக்குத் தெரிவது குடுமியும் கொண்டையும்தான். மேடைமேல் ஓர் அடி உயர மணை போடுங்கள். பலகையைப் பின்சுவருக்கு அனுப்புங்கள். கேமராவை நடு வழியில் நிறுத்தாமல் பக்கச் சுவரோரம் கட்டுங்கள்.

நேரமும் தனியும்

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் எழுந்து போகிறார்கள் என்ற புலம்பல் பழசு. மிருதங்கத்துக்கு மரியாதை இல்லை என்று அவர்களைத் திட்டுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அவர்கள் பக்கத்தைப் பாருங்கள். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததியில் (உருப்படிகளின் வரிசை முறையில்) இடைவேளை கிடையாது. இரண்டரை மணிக் கச்சேரியில் பிரதான உருப்படி முடிந்து தனி வரும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டும். சாகித்யம் இல்லாத நேரம் அதைக் கொடுக்கிறது. பக்கத்தில் கேன்டீனிலிருந்து நெய் மணம் வேறு.

ஆகவே அறிவிப்பு செய்து பயனில்லை, காரணங்களைத் தீருங்கள். பிரதான ராக ஆலாபனைக்கு முன் இரண்டு மூன்று நிமிஷம் நிறுத்தித் தண்ணீர் குடித்து, சுருதி சேர்த்துக்கொள்ளும்படி பாடகரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். எழ வேண்டியவர்கள் அப்போது எழட்டும், பின் கதவு வழியாக மட்டும். கேன்டீன் கச்சேரிக்கு முக்கால் மணி முன்பிருந்தே சூடாகப் போடட்டும். தனி நேரத்தில் புதிதாக எதுவும் அடுப்பிலிருந்து இறங்க வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேன்டீன்காரருக்கு வருமானம் குறையும் என்றால் கச்சேரிகளுக்கு இடையிலான நேரத்தைப் பத்து நிமிஷம் கூட்டிக் கொடுங்கள், ஈடாகிவிடும்.

கழிவறைக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற சபா அரிது. ஒருவருக்கு இரண்டரை நிமிஷம் என்றால் அரை மணி இடைவெளியில் ஓர் அறை பன்னிரண்டு பேருக்குத்தான் போதும். நூற்றிருபது பெண்கள் போக வேண்டுமானால் பத்து அறை தேவை. நான்குதான் இருக்கிறது என்றால் எழுபது பேருக்குமேல் கச்சேரி நடக்கும்போது எழுந்து போயே தீருவார்கள். கட்டடத்தை மாற்ற முடியாவிட்டால் ஆண்கள் பக்கத்தில் சிலதைச் சீசனுக்கு மட்டும் பெண்களுக்கு ஒதுக்கித் தடுப்பு வையுங்கள்.

நேரத்தைக் கெடுக்கும் இன்னொருவர் மேடையேறும் பிரமுகர். பேச்சு கச்சேரிக்கு முன் ஐந்து நிமிஷம், பொன்னாடை கடைசிப் பாட்டான மங்களத்துக்குப் பிறகு. கச்சேரி முடிவில் வரும் சிறு உருப்படிகளான துக்கடாவுக்கு முன் மைக்கைப் பிடித்தால் கூடம் காலியாகும், விருத்தமும் திருப்புகழும் கேட்கக் காத்திருந்தவர்களும் சேர்ந்தே போவார்கள்.

பாடகருக்கு மட்டும் தெரியும்படி மேடை ஓரத்தில் கடிகாரம் ஒன்று, முப்பது நிமிஷம் இருக்கும்போதும் பத்து நிமிஷம் இருக்கும்போதும் எரியும் சின்ன விளக்கு ஒன்று. பல்லவிக்கு நடுவே சீட்டு நீட்டும் வழக்கம் இத்தோடு ஒழியும். டிக்கெட்டில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள். ஒன்பதேகாலுக்கு முடியும் என்று தெரிந்தால் ஆட்டோவுக்குச் சொல்லிவைத்துவிட்டு ரசிகர் நிம்மதியாக உட்காருவார். தெரியாவிட்டால் எட்டரையிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

என்ன பாடுகிறார்கள் என்று சொல்லுங்கள்

புதிதாக வருகிறவருக்கு அறிவிப்பே இல்லாத இரண்டரை மணி நேரம் நீண்டது. மேடை ஓரத்தில் சின்னத் திரை வைத்துப் பாடலின் முதல் சொற்கள், ராகம், தாளம், இயற்றியவர், மொழி ஆகிய ஐந்தையும் காட்டலாம். ஆனால் ஆலாபனை நடக்கும்போது ராகத்தின் பெயரைப் போடாதீர்கள். ராகத்தைக் கண்டுபிடிப்பது பழைய ரசிகரின் தனி ஆனந்தம், அதைப் பறிக்கக் கூடாது. பல்லவி எடுத்த பிறகு போடுங்கள். கலைஞர் முன்கூட்டித் தரும் பட்டியல் மேடையில் மாறும் என்பதால், திரையை இயக்குபவர் ராகம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இசைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுத்துச் சன்மானமும் கொடுங்கள். ராகத்தைத் தப்பாகப் போடுவதைவிடப் போடாமலிருப்பது மேல்.

பாடல் அர்த்தத்தைக் கைபேசியில் பார்க்கச் சொல்ல வேண்டாம். பாதி இருட்டில் நூறு திரை ஒளிரும். பிரதான உருப்படி எது என்று கலைஞர் சொல்லத் தயாரென்றால் அதன் பொருளை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் கொடுங்கள், 14 புள்ளி எழுத்தில்.

டிக்கெட், கதவு, படி

சீசன் டிக்கெட்காரர் வராத நாளில் முன்வரிசை காலியாகக் கிடக்கும், பின்னால் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். ‘முதல் உருப்படி முடியும் வரை இருக்கை உங்களுக்கு’ என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு, அதன் பிறகு நிற்பவர்களை உட்கார வையுங்கள். முதல் வாரம் சண்டை வரும், அப்புறம் பழகிவிடும். தாமதமாக வருகிறவர்களைக் கைதட்டல் நேரத்தில் மட்டும் உள்ளே விடுங்கள். வர்ணம் முடிய ஆறேழு நிமிஷம்தான். இலவசக் கச்சேரிகளுக்கு முதியவர்களை வெயிலில் வரிசையில் நிறுத்தாமல் எண் போட்ட டோக்கன் கொடுத்து நிழலில் உட்கார வைக்கலாம்.

படி ஓரங்களில் மஞ்சள் பட்டை, இருபுறமும் கைப்பிடி. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்கிவிடாமல், வழியோரம், துணைக்கு வந்தவரின் இருக்கையோடு சேர்த்து வையுங்கள். காது மந்தமானவர்களுக்கு மிக்சரிலிருந்து நேரே ஒலி வாங்கும் நாலைந்து ஹெட்ஃபோன் கருவிகள் வாங்கி வையுங்கள். இருப்பதை வாசலில் எழுதாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கருத்துச் சீட்டில் ‘கச்சேரி எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். ‘நன்று’ என்றுதான் வரும். மூன்று கேள்வி போதும்: சொற்கள் புரிந்தனவா, பாடகர் முகம் தெரிந்ததா, இருக்கை எண் என்ன? ஒரு வாரச் சீட்டுகளை இருக்கை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகள் குவியும் இடத்தில் அடுத்த கச்சேரிக்கு நீங்களே போய் உட்கார்ந்து, ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பாருங்கள்.