தஞ்சாவூரிலிருந்து கால்பந்து பார்க்கக் கிளம்புகிறீர்களா?

நம் டெல்டா பக்கமிருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு முதன்முறை போகிறவர்கள் பலரும் கீழ் வரிசை டிக்கெட்டைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. கீழே உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் நடப்பது சரியாகவே தெரியாது. மேல் வரிசையில், நடுக்கோட்டுக்கு நேராக இடம் பிடியுங்கள். பந்து இல்லாத ஆட்டக்காரர் எங்கே நகர்கிறார் என்பதுகூடத் தெரியும். டிவியில் கிடைக்காத சுகம் அது!

வாசலில் சோதனை உண்டு. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சில சமயம் சில்லறைக் காசுகூட உள்ளே விட மாட்டார்கள். பை இல்லாமல், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

ஆட்டம் 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45. அப்புறம் நடுவர் சேர்த்துத் தரும் நிமிடங்கள். 90 ஆனதும் எழுந்துவிடாதீர்கள், ஆட்டமே அதில் மாறலாம்.

திரும்பி வர உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் எழும்பூரிலிருந்து கிளம்புகிறது. ஸ்டேடியத்திலிருந்து எழும்பூர் பக்கம்தான். ஆனால் கூட்டத்தில் வெளியே வரவே நேரமாகும். இரவு ஆட்டமென்றால் முடியும் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.