புதிய நெல் ரகத்தைப் பரிந்துரைக்குமுன் உழவரிடம் கேட்டறிய வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை, ராஜசிங்கமங்கலம், தேவிபட்டினம் பகுதிச் சிறு உழவர்களிடம் புதிய நெல் ரகத்தை எடுத்துச் செல்பவர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கோடு பேச்சைத் தொடங்கக் கூடாது. மழை எப்போது நிற்கும், கண்மாயில் தண்ணீர் எந்த மாதம் வரை கிடக்கும் என்பதே முதல் கேள்வி. ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்த்து, தையில் அறுப்பது இங்குள்ள வழக்கமாதலால், மழை மார்கழித் தொடக்கத்திலேயே ஓய்ந்துவிட்டால் 135 நாள் ரகம் பால் பிடிக்கும் நேரத்தில் வாடிவிடும். பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வெளியான அண்ணா 4 ரகம் 100 முதல் 105 நாளில் முடிந்துவிடுவதும் வறட்சியைத் தாங்குவதும் இங்குள்ளவர்க்கு விளைச்சலைவிடப் பெரிதாகப் படுவது இயல்பே. புழுதி விதைப்பில் அந்த நாட்களை முளைக்கவைத்த மழையிலிருந்தே எண்ண வேண்டும்.

அடுத்து, நிலத்தைப் பாருங்கள். கடலோர வயல் காய்ந்ததும் வரப்போரத்தில் வெள்ளை பூத்திருந்தால், மண்ணைப் பரிசோதிக்காமல் ரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் அதைப் பொறுக்காது. உவரையும் களரையும் ஒன்றாக எண்ணுவது நம்மிடம் நிலைத்துவிட்ட பிழை. களர் என்பது சோடியம் மிகுந்த நிலம்; அதற்கு ஜிப்சம் இடலாம். உவரை மழைநீர் தேக்கி வடித்துக் கழுவித்தான் குறைக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்பது அவசியம். அரிசி மறுநாள் பழைய சோற்றுக்குக் குழையாமல் நிற்குமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாடு வைத்திருப்பவர் வைக்கோலின் நீளத்தைப் பார்ப்பார். குட்டையான ரகத்தில் படப்பு சிறுத்துப்போகும். வியாபாரி சன்ன ரகத்துக்கு விலை சொல்வார்; சாப்பாட்டுக்கு மோட்டா நெல்லைத் தேடும் வீடுகளும் உண்டு. இரண்டையும் ஒரே ரகத்தில் எதிர்பார்ப்பதில்லை என்பதால், சிறு நிலத்தையும் இரண்டாகப் பிரித்து விதைப்பவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் அறுப்பு நேரத்தில் பெய்த மழையில் சாய்ந்த கதிர்கள் வயலிலேயே முளைத்ததைக் கண்டவர்கள், தாள் உறுதியானதா, நெல்லுக்கு விதை உறக்கம், அதாவது முற்றியதும் உடனே முளைக்காத தன்மை, உண்டா என்றும் கேட்பார்கள்.

இவ்வளவும் கேட்டபின், அவரது சொந்த வயலிலேயே 5 சென்டில் புதியதையும் பக்கத்து 5 சென்டில் பழையதையும் ஒரே நாளில் விதைக்கச் சொல்லுங்கள். உரமும் களையெடுப்பும் அவர் வழக்கப்படியே நடக்கட்டும். நாம் கூடுதலாகப் பராமரித்தால் சோதனை பொய்யாகிவிடும். அறுவடையன்று அவர் சொல்லும் பாராட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். அடுத்த ஆவணியில் மீண்டும் சென்று, விதைக்காக எடுத்து வைத்த சாக்கில் எந்த நெல் இருக்கிறது என்று பாருங்கள்.