ஜெர்மனியிலும் சென்னையிலும் மாறி மாறி வசிக்க உதவும் மென்பொருள் வேலை: தேடத் தொடங்குவோருக்கான செய்முறை

ஆண்டில் எட்டு மாதங்கள் பெர்லினிலும் நான்கு மாதங்கள் சென்னையில் பெற்றோருடனும் இருக்க விரும்புவோர் பெரும்பாலும் வேலை விளம்பரங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன் நாள்காட்டியை எடுத்துவைத்துக் கணக்கிடுங்கள்.

முதல் படி: நாள்களை எண்ணுதல்

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் ஊருக்கு வந்து தங்கும்போது, அந்த ஆண்டில் 182 நாள்களை எட்டினால் வரிச் சட்டத்தின்படி இந்தியாவில் வசிப்பவராக (ரெசிடென்ட்) கருதப்படுவார். ஆனால் வாடகை, வட்டி போன்ற இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுவோருக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள்கள் இந்தியாவில் இருந்திருந்தால், வரம்பு 120 நாள்களாகக் குறைகிறது. நான்கு மாதம் என்று நாம் எளிதாகச் சொல்வது 122 நாள்களாகிவிடக்கூடும் என்பதால், வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் அமர்ந்து செய்த வேலைக்கான சம்பளம் தனிக் கணக்கு. இரு நாடுகளின் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி, வரிக் கணக்கில் ஜெர்மனியில் வசிப்பவராக இருக்கும் ஒருவர் இந்தியாவில் 183 நாள்களுக்கு மேல் தங்காமல், அவருடைய முதலாளி நிறுவனம் இந்தியாவைச் சேர்ந்ததாக இல்லாமல், சம்பளச் செலவை அந்நிறுவனத்தின் இந்தியக் கிளையும் ஏற்காமல் இருந்தால், அச்சம்பளத்துக்கு ஜெர்மனியில் மட்டுமே வரி.

இரண்டாம் படி: வதிவிட அனுமதி

ஜெர்மனியைவிட்டு வெளியேறி ஆறு மாதங்களுக்குள் திரும்பாவிட்டால் சாதாரண வதிவிட அனுமதி பொதுவாகத் தானாகவே காலாவதியாகும். ப்ளூ கார்டு (உயர்தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வதிவிட அனுமதி) வைத்திருப்பவருக்கு இது 12 மாதங்கள்.

மூன்றாம் படி: விளம்பரத்தைப் படித்தல்

‘ரிமோட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மகிழ வேண்டாம். ஜெர்மனிக்குள் எங்கிருந்தும் என்பதே பல விளம்பரங்களில் அதன் பொருள். நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதிய பாதுகாப்புள்ளதாக ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவை நீங்கள் சென்னையிலிருந்து திறந்து பார்ப்பதே நிறுவனத்துக்குச் சட்டச் சிக்கலாகலாம். மருத்துவம், வங்கி போன்ற துறைகளைவிட, நிரலாளர் கருவிகள், திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கக்கூடியது), உண்மையான வாடிக்கையாளர் தகவலுக்குப் பதிலாக உருவாக்கிய செயற்கைத் தரவைக் கொண்டு செய்யும் சோதனை ஆகியவற்றில் வாய்ப்பு கூடுதல் என்பது என் கணிப்பு. முழுக்கத் தொலைதூரத்தில் இயங்கும் மென்பொருள் நிறுவனமான கிட்லேப் (GitLab) தன் நடைமுறைக் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறது; அதை ஒருமுறை படித்தால், இத்தகைய நிறுவனங்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

நான்காம் படி: கேட்க வேண்டிய நேரம்

சென்னையிலிருந்து சில மாதங்கள் வேலை செய்ய அனுமதியை முதல் நேர்காணலிலேயே கேட்டால் வேலையைவிட விடுமுறையே முக்கியம் என்று எண்ணிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கேட்டால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. அணித்தலைவருடன் நடக்கும் இரண்டாம் சுற்றே பொருத்தமானது. அப்போது நேர வேறுபாட்டை உங்கள் பக்கத்து வாதமாக்குங்கள்: பெர்லினில் குளிர்கால அதிகாலை 2 மணிக்குச் சர்வர் விழுந்தால் சென்னையில் அப்போது காலை 6.30, காபியோடு விழித்திருக்கும் ஒருவர் அணிக்குக் கிடைக்கிறார். இரவுப் பொறுப்பில் தூக்கம் கெட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எழுத்தில் பெறுதல்

“பார்த்துக்கொள்ளலாம்” என்று மேலாளர் சொன்ன வாக்கு அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் அவரோடு போய்விடும். நாட்டின் பெயர், ஆண்டுக்கு எத்தனை நாள்கள், எவ்வளவு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீடு இந்தியாவில் பெறும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது; பயணக் காப்பீடுகளோ பெரும்பாலும் ஒரு பயணத்தின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கே பொருந்தும். எனவே நீண்ட காலம் தங்குவோருக்கான தனிக் காப்பீட்டின் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே இணைப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள்.