மனக்காயத்தை ஆறவிடாமல் செய்யும் தவறுகள்

ரப்பர் மரத்தில் பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கம், தடியை ஒட்டிய இடத்தில். புதிதாகக் கத்தி பிடிப்பவர் ஆழமாக இழுத்துவிடுவது அதனால்தான். தடிக்கும் வெட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டை மிச்சம் நிற்க வேண்டும். அதையும் சீவிவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. ஓய்வே கொடுக்காமல் வெட்டிக்கொண்டிருந்தால் பட்டமரப்பு என்ற பட்டை காய்ச்சல் வந்து பால் நின்றே போகலாம். ஒன்றுவிட்ட நாள் வெட்டு என்ற கணக்கு வந்தது இதனால்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மனசு விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. ஒன்று கத்தியே வைப்பதில்லை. இல்லையென்றால் தினமும் தடி தெரிய வெட்டுகிறோம்.

துக்கத்துக்குத் தேதி குறிப்பது

துட்டி கேட்க பதினாறு வரை ஆள் வரும். நாற்பத்தொன்று முடிந்த மறுநாளே, "இன்னும் எதுக்கு மக்ளே அழுதுட்டு இருக்க?" என்ற கேள்வியும் வரும். தேதி சடங்குக்குத்தான்.

இப்போது இணையத்தில் இதற்குப் புதுவடிவம் ஒன்று சுற்றுகிறது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் இதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்தை வைத்து. உறவைப் பறிகொடுத்தவர் வரிசையாக ஏற வேண்டிய ஏணி அல்ல அது. 'எனக்குக் கோபமே வரலையே, ஏதோ கோளாறோ' என்று பயப்படுவது வீண்.

துக்கத்தில் உள்ளவர்களுக்குப் பொருத்தமான விளக்கத்தை 1999இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். காலையில் இறந்தவரின் சட்டையை மடித்துவைத்து அழுகிறோம், மதியம் ரேஷன் கார்டு வேலையாகத் தாலுகா ஆபீஸ் போகிறோம், ராத்திரி சீரியலில் ஏதோ கேட்டுச் சிரித்துவிடுகிறோம். சிரித்ததற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். இரண்டில் ஒரு பக்கத்திலேயே வாரக்கணக்கில் உறைந்துபோனால்தான் கவனிக்க வேண்டும்.

உடல் கிடைக்காத சாவு இதில் தனி. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்த எத்தனையோ பேர் கரைக்கு வரவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் போய் "இனி வரமாட்டான், மனசைத் தேத்திக்கோ" என்று அழுத்துவது பெரிய தவறு. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இந்த வகை இழப்பை, முடிவு தெரியாத இழப்பை, தனியாகப் பிரித்துக் காட்டினார். இங்கே முடிவுகட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வேதனையைக் கூட்டும். 'வரலாம், வராமலும் இருக்கலாம். இன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பணும்' என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பவர் உண்மையை மறுக்கவில்லை. அவரிடம் இருக்கும் உண்மையே அவ்வளவுதான்.

தினமும் தோண்டுவது

மனசில் உள்ளதை எழுதினால் பாரம் குறையும் என்பது சரி. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் அளவும் இருந்தது: ஒரு நாளைக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து 4 நாள், பிறகு நிறுத்தம். நம்மில் பலர் அந்த நிறுத்தத்தை விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து அதே சம்பவத்தை அதே வார்த்தையில் எழுதுவது அசைபோடுவதுதான்.

வித்தியாசத்தை நோட்டிலேயே பார்க்கலாம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்ற வரி நாலாம் நாளும் அப்படியே நின்றால் பேனாவை மூடிவிட வேண்டும். 'அன்னைக்கு என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினேன்' என்று வரி நகர்ந்தால் வேலை நடக்கிறது. சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம் நல்லது. படுக்கப்போகும் முன் வேண்டாம். எழுதி முடித்த உடன் மனசு கொஞ்சம் கனக்கும், அது வழக்கம்தான். அதனால் அடுத்த அரை மணிக்குக் கைவேலை ஏதாவது, மீன் ஆய்வதோ துணி துவைப்பதோ, வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை எழுத ஆரம்பித்தாலே கை நடுங்குகிறது என்றால் அதை விட்டு வேறு எழுதலாம். விபத்தோ அதிர்ச்சியோ நடந்த முதல் சில வாரங்களில் இந்தப் பயிற்சியே வேண்டாம். மற்றவர்களைப் பிடித்துவைத்து 'நடந்ததை எல்லாம் சொல்லு' என்று கேட்பதும் அப்படித்தான். தானாகச் சொன்னால் கேளுங்கள், பிடுங்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறு, நினைக்கவே கூடாது என்று அழுத்துவது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனையில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. நினைப்பைத் தள்ளிப்போட்டு அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது இதைவிடப் பலன் தரும்: மாலை ஐந்திலிருந்து ஐந்தேகால் வரை கவலைக்கு. காலையில் வந்தால் ஒரு வரி குறித்துவைத்து 'அஞ்சு மணிக்குப் பார்ப்போம்' என்று விட்டுவிடலாம். ஐந்து மணிக்குப் பார்த்தால் பாதி வரிகள் சப்பென்று இருக்கும்.

மூச்சு

வெப்ராளம், அதாவது மனப் படபடப்பு, வந்தால் 'நல்லா இழுத்து மூச்சு விடு' என்பார்கள். பெரிதாக, வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துத் தலை சுற்றும், பயம் இரட்டிப்பாகும். இழுப்பது சாதாரணமாக 4 எண்ணிக்கை, விடுவது மெதுவாக 6 எண்ணிக்கை, ஐந்து நிமிடம். கண்ணை மூடினால் பழைய காட்சி ஓடுகிறவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதத்தைத் தரையில் அழுத்திச் செய்யலாம்.

'நான் இப்படித்தான்'

தன்னை ஏற்பது என்றால் தன் தப்பை எல்லாம் நியாயப்படுத்துவது என்று ஒரு எண்ணம் உண்டு. 2003இல் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் தன்னை ஏற்பதை மூன்றாகப் பிரித்தார்: தன்னிடம் கருணை, இது எல்லாருக்கும் வரும் பாடு என்ற நினைப்பு, உள்ளதை உள்ளபடி பார்ப்பது. மூன்றாவதை விட்டால் முதலாவது வெறும் சமாதானம்தான்.

செய்து பார்க்க எளிய வழி, தீர்ப்பை அழித்துவிட்டுச் சம்பவத்தை எழுதுவது. 'நான் ஒரு தண்டம்' என்பது தீர்ப்பு. 'குழுக் கடனில் இரண்டு தவணை கட்டவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை' என்பது சம்பவம். தீர்ப்பை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை; சம்பவத்தில் நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, ஃபோனை எடுப்பது. அதன் அடியில், தங்கச்சி மகள் இதே தப்பைச் செய்திருந்தால் என்ன சொல்வோமோ அதை வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். மேடைத் தமிழில் எழுதினால் மனசு நம்பாது.

அவசரமாக மன்னிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: அடித்தவர் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போது மன்னிப்பு பற்றிப் பேச்சே கிடையாது. முதலில் பாதுகாப்பு.

ஆஸ்பத்திரி

'ஊளம்பாறைக்குப் போகணும்' என்பதை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். திருவனந்தபுரத்து அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயர் கேலியானதில், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு எடுக்கக்கூடக் கூசுகிறவர்கள் உண்டு. சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் தொடர்ந்து இருந்து, தூக்கமும் பசியும் கெட்டால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எல்லை தாண்டி வேலை பார்ப்பவர்களுக்குக் கேரளத்தின் 1056 உதவி எண்ணும் உண்டு. 'சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும்' என்ற பயத்துக்குப் பதில், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்கிறது, தண்டிப்பதில்லை.

மாத்திரையில் நடக்கும் தவறு இரண்டு. மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொல்லை முதல் வாரமே வரும். அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

முதல் தடவை போகும்போது ஒரு வாரத் தூக்கக் கணக்கையும் சாப்பிடும் எல்லா மருந்தையும் கையில் எடுத்துப் போங்கள், ஆயுர்வேத வைத்தியசாலையில் வாங்கிய அரிஷ்டப் புட்டி உட்பட. அரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. தூக்க மாத்திரை எழுதப்போகும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.