ஒரு பல் தவறினால்

என் பழைய மாருதி ஆம்னிக்கு, கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை நானே மாற்றினேன். வண்டி ஓடியது, ஆனால் மேட்டில் இழுவை இல்லை, கார்புரேட்டர் வழியே ஓயாத தும்மல். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பியே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். கோளாறு பெல்ட்டில் இருந்தது: கேம் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி நின்றது.

முன்னிருக்கையைத் தூக்கினால் 796 சிசி எஞ்சின் தெரியும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டால் எஞ்சின் எளிதாகச் சுழலும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்பி, கேம், கிராங்க் இரண்டின் டைமிங் குறிகளையும் எஞ்சினில் உள்ள குறிகளோடு நேராக்குங்கள். கிராங்க் முனையில் உள்ள கப்பியைக் கழற்றும்போது கிராங்க் சற்று நகர்ந்துவிடும். நான் ஏமாந்தது அங்கேதான். கப்பிக்கு உள்ளே இருக்கும் கிராங்க் பல்சக்கரக் குறியை மறுபடி பாருங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டைச் சரியான பல்லில் மாட்டி இறுக்குங்கள்.

உடனே பெல்ட் மூடியைப் பூட்டாதீர்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள்; கேம் ஒரு சுற்று முடித்திருக்கும். முட்டினால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்ட வேண்டாம். குறிகள் மீண்டும் நேராக நிற்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் அதன் பிறகுதான். அதன் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துக் கையேட்டு அளவுக்கு வையுங்கள். நான் லைட்டை இரவல் வாங்கினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.