ஆடை ஏற்றுமதி ஒரு நாட்டை உயர்த்துகிறதா? கணக்குப் பார்ப்பது எப்படி

ஏழை நாடு ஒன்றின் ஆயத்த ஆடை ஏற்றுமதி இத்தனை கோடி டாலரைத் தொட்டது என்று செய்தி வந்தால், அந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். துணியும் நூலும் எங்கே தயாராகின்றன என்று முதலில் தேடுங்கள். ஒரு பேச்சுக்கு, 100 டாலருக்குச் சட்டை போய், துணி, ஜிப், பட்டனுக்காக 65 டாலர் வெளியே போயிருந்தால், உள்ளே தங்கியது 35 தான். கூலி, மின்சாரம், முதலாளியின் லாபம் எல்லாம் அதற்குள்தான். வங்கதேசத்தில் பின்னலாடைக்கான நூலும் துணியும் பெரும்பாலும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன, நெய்த துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகச் சீனாவிலிருந்து வருகிறது. அதாவது ஒரே நாட்டில் டிஷர்ட்டுக்கு ஒரு கணக்கு, பேன்ட்டுக்கு வேறு கணக்கு.

அடுத்தது, தொழில் யார் கைக்கு வந்தது? நான் மற்ற எதையும்விட இதைத்தான் முக்கியமாகப் பார்ப்பேன். 1979-ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் 130 பேரைத் தென்கொரியாவில் தேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் பின்னர் தேஷை விட்டு விலகிச் சொந்த ஆலை தொடங்கினார்கள், இல்லையென்றால் புது ஆலைகளில் சேர்ந்தார்கள், இப்படித்தான் வேலை தெரிந்தவர்கள் நாடு முழுக்கப் பரவினார்கள். லைன் சூப்பர்வைசரும் மேனேஜரும் எத்தனை வருஷம் ஆனாலும் வெளிநாட்டவர்களாகவே இருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

ஆடையை வாங்கும் நாடு தரும் இறக்குமதி வரிச்சலுகையையும் பார்த்துவிடுங்கள். எத்தியோப்பியா ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா கட்டியது. 2022 ஜனவரியில் அமெரிக்கா தன் வரிச்சலுகையை நிறுத்தியதும் ஆர்டர்கள் போயின, வேலைகளும் போயின.

சரி, சம்பளத்துக்கு வருவோம். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், சம்பளச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா (அந்நாட்டு நாணயம்). அதில் அடிப்படைச் சம்பளம் 6,700 மட்டுமே, மீதி வீட்டு வாடகை, மருத்துவம், பயணம், சாப்பாடு என்று போகிறது. ஓவர்டைம் கணக்கு அந்த 6,700-ஐ வைத்துத்தான். தொழிலாளர்கள் கேட்டது 23,000. கூடவே, கடைசியாகச் சம்பளம் உயர்ந்ததற்குப் பிறகு அரிசியும் வாடகையும் எவ்வளவு ஏறின என்று வைத்துப் பாருங்கள், உயர்வு உண்மையில் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டடத்தை விட்டுவிடாதீர்கள். வங்கதேசத்தில் பல ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்ததற்கு முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வரவேண்டாம் என்றது, மேல்மாடி ஆலைகள் தையல்காரர்களை வேலைக்குக் கூப்பிட்டன. 2013 ஏப்ரல் 24 அன்று கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகு ஆலைப் பாதுகாப்புக்காக ஆடை பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட அக்கார்ட் ஒப்பந்தத்தால் ஆலைவாரியாக ஆய்வறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஆலையின் பெயரைப் போட்டுத் தேடி, எந்தக் குறை இன்னும் சரிசெய்யப்படவில்லை என்ற பகுதியை முதலில் படியுங்கள். வேலையை மறுக்க ராணா பிளாசாவின் தையல்காரர்களுக்குச் சங்கம் இருந்ததா என்று அடுத்து கேளுங்கள், ஏனென்றால் விரிசலைப் பார்த்தும் அவர்கள் உள்ளே போனது மாதச் சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான்.