பெரிய நாயும் சின்னப் பூனையும்: பழக்கும்போது தவிர்க்க வேண்டியவை

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை புது வீடு எழும்பும் இடங்களில் கேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நாய் நிற்கிறது. லாப்ரடார், ராட்வீலர், வசதி கூடினால் கிரேட் டேன். வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பூனையோ பொமரேனியனோ இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஒட்டவும் செய்யும். 60 கிலோ கிரேட் டேனின் வயிற்றோடு ஒண்டிக்கொண்டு 3 கிலோ பூனை தூங்குவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நாய் பழக்கக் கூப்பிடும் வீடுகளில், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இன்றைக்குப் புதிதாக வளர்ப்பவர்களும் செய்கிறார்கள். முதல் நாளே அவிழ்த்துவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பூனையைத் தூக்கி நாயின் மூக்கருகே நீட்டுவது

ஓட வழியில்லாத பூனை கீறத்தான் செய்யும். நாயின் கண்ணில் நகம் பட்டால் அன்றோடு அந்த உறவு கெட்டது. முதலில் வேறு வேறு அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் படுக்கையில் போடுங்கள். வாசனை பழகிய பிறகு முகம் பார்க்கட்டும், அதுவும் நாய் பெல்ட்டில் இருக்கும்போது.

பழகிவிட்டது என்று தனியே விடுவது

எனக்கு இன்னும் கோபம் ஆறாதது இதில்தான்.

தக்கலை பக்கம் ஒரு வீடு. ராட்வீலரும் பொமரேனியனும் குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. சின்னது காதைப் பிடித்து இழுக்கும், பெரியது அசையாமல் படுத்திருக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்களிடம், ஒன்றை உள்ளே அடைத்துவிட்டுப் போங்கள் என்றேன். “அது ஒண்ணும் செய்யாது மக்ளே, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி” என்றார் வீட்டுக்கார அம்மா.

மீன்காரரின் ஹாரன் கேட்டு இரண்டும் கேட்டுக்கு ஓடின. அந்த வேகத்தில் பெரியது சின்னதன் காலை மிதிக்க, அது கீச்சென்று கத்தியது. அடுத்த நொடி கவ்வி ஒரு உதறல். எதிர் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒன்றும் செய்ய நேரமில்லை.

நாயின் வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், உதறும். விளையாட்டிலும் இதே அசைவுகள்தான் வரும். கீச்சுக் குரலும் துள்ளி ஓடும் சின்ன உடம்பும் சேர்ந்தால் விளையாட்டு அப்படியே வேட்டையாகிவிடும். கோபமோ பகையோ அதற்குத் தேவையில்லை. சம அளவு நாய்கள் என்றால் காயத்தோடு தப்பலாம், இங்கே ஒரு உதறலே போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போல வேட்டைக்கென்றே வளர்த்த இனங்களிடம் இன்னும் கவனம் வேண்டும்.

அந்தப் பொமரேனியனுக்கு வெளியே தெரிந்தது முடிக்குள் இரண்டு பல் தடம் மட்டும். மஞ்சள் பற்றுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் மூச்சு வாங்கியபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எக்ஸ்ரேயில் விலா ஒடிந்திருந்தது, காப்பாற்ற முடியவில்லை. பெரிய நாய் கவ்விய சின்ன உயிரை, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், அப்போதே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். தோலுக்கு மேலே தெரிவது கொஞ்சம், சேதமெல்லாம் உள்ளே. அப்புறம் அந்த ராட்வீலரைக் ‘கொலைகார நாய்’ என்று சொல்லி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது செய்த குற்றம் என்ன?

வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணெதிரே இல்லாத நேரமெல்லாம் நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும், எத்தனை வருடப் பழக்கமானாலும். எதிரே இருக்கும்போதும் பெரியதைக் கவனியுங்கள். தானாகப் படுத்துக்கொடுத்து, உடம்பைத் தளர்த்தி விளையாடினால் சரி. வாயை மூடி, உடம்பு விறைத்து, சின்னதையே வெறித்தால் உடனே கூப்பிட்டு விலக்குங்கள்.

ஒரே இடத்தில் சாப்பாடு

ஒரு சாளை மீன் தலை போதும் சண்டைக்கு.

பூனைக்கு உயரத்தில் இடம் இல்லாதது

நாய்க்கு எட்டாத ஒரு பரண். அவ்வளவுதான்.

உறுமியதற்கு அடிப்பது

‘என்னை விடு’ என்று சொல்ல நாய்க்கு இருக்கும் வழி உறுமல். அடித்தால் உறுமலை நிறுத்திவிடும், எரிச்சல் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமினால் பூனையை எடுத்து நகர்த்துங்கள்.

நாயின் உண்ணி மருந்து பூனை மேல் படுவது

இங்கே இது பலருக்குத் தெரியாது. நாய்க்குப் பிடரியில் ஊற்றும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. மருந்து ஈரமாக இருக்கும்போது நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோ பூனை நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் நன்றாகக் காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள். பூனையின் உடம்பு துடிக்க ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம், அந்த மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.